கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முதல்முறையாகப் பங்கேற்பவர்களுக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கான வழிகாட்டி

ஊராட்சிகள் தங்கள் வளர்ச்சிக்கான திட்டத்தைத் தாங்களே வகுக்க வேண்டும் என்பது, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மைய நோக்கங்களுள் ஒன்று. பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்குமான திட்டங்களைத் தயாரிக்கும் பொறுப்பை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க 243ஜி பிரிவு வழிசெய்கிறது. வேளாண்மை, குடிநீர், சிறுபாசனம், கால்நடை, தீவனம், பள்ளிக் கல்வி, சுகாதாரம் என அதற்குரிய 29 பொருள்களைப் பதினொன்றாம் அட்டவணை பட்டியலிடுகிறது. இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாக, 2015-க்குப் பிறகு ஒவ்வொரு கிராம ஊராட்சியும் ஆண்டுதோறும் 'கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம்' என்ற ஆவணத்தைத் தயாரித்து வருகிறது. அடுத்த நிதியாண்டில் ஊரில் எந்தப் பணி நடக்கும், எது நடக்காது என்பதற்கு அடித்தளமாக அமைவது இந்த ஆவணமே. ஆயினும் அப்படி ஒன்று இருப்பதை அறியாத வாக்காளர்களே நம் ஊர்களில் பெரும்பாலானோர்.

இந்த வழிகாட்டி அவர்களுக்காக எழுதப்பட்டது. நீங்கள் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினராக இருக்கலாம். படிப்பை முடித்துவிட்டு ஊரில் விவசாயம் பார்ப்பவராக இருக்கலாம். வரும் தேர்தலில் வார்டு உறுப்பினராக நிற்க எண்ணுபவராகவும் இருக்கலாம். எவராயினும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிராம சபை கூடும் நாளில் திட்டத்தைத் திருத்த முயல்பவர் பெரும்பாலும் தோற்றுப்போகிறார். ஏனெனில் பணிப்பட்டியல் அதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. ஆகவே கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையே இக்கட்டுரை விரிவாகப் பேசுகிறது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். உறுப்பினராவதற்கு வேறு தகுதியும் தேவையில்லை, எவருடைய அழைப்பும் தேவையில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் நடந்துவந்த கிராம சபைக் கூட்டங்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டு ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள் என்றாயின.

கூட்டம் செல்லுபடியாவதற்குக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை இருந்தால் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை இருந்தால் 200 பேரும், அதற்கு மேற்பட்டால் 300 பேரும் கலந்துகொள்ள வேண்டும். உங்கள் ஊராட்சிக்குரிய எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தன்று அது பயன்படும்.

நம் இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் நடந்த தேர்தலில் வென்றவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிவடைந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்கு மாறின. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் இல்லாத காலத்தில் திட்டம் பற்றி யாரிடம் பேசுவது என்று பலர் தயங்குகிறார்கள். கிராம சபை தேர்தலால் உருவாகும் அமைப்பு அன்று. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலத்தில்தான் வாக்காளர்கள் நேரடியாகத் திட்டத்துக்குள் வருவது மேலும் அவசியமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

திட்டத் தயாரிப்புக்கான மக்கள் திட்ட இயக்கம் வழக்கமாக அக்டோபர் 2-ஆம் நாளையொட்டித் தொடங்குகிறது. அக்காலத்தில் தயாராகும் திட்டம் அடுத்த ஏப்ரல் 1-இல் பிறக்கும் நிதியாண்டுக்குரியது. எனவே ஆகஸ்ட் 15 கிராம சபை முடிந்த மறுநாளே வேலையைத் தொடங்குவது நல்லது. அக்டோபர் 2 வரை உங்களுக்கு ஏறத்தாழ ஏழு வாரங்கள் கிடைக்கும்.

முதல் படி: பழைய திட்டத்தைக் கையில் எடுத்தல்

புதிய கோரிக்கைகளை எழுதத் தொடங்கும் முன், நடப்பு ஆண்டின் திட்டத்தையும் கடந்த ஆண்டின் திட்டத்தையும் பெற்றுப் படியுங்கள். ஊராட்சிச் செயலரிடம் கேட்கலாம். 2020 ஏப்ரலில் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தும் பார்க்கலாம், கைப்பேசியே போதும்.

படித்த பிறகு அந்தப் பட்டியலோடு ஊரைச் சுற்றி வாருங்கள். எழுதப்பட்ட பணி எழுதப்பட்ட இடத்தில் இருக்கிறதா, இருந்தால் இயங்குகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்டெக்ஸ் தொட்டி நிற்கும், குழாய் வராது. சமுதாயக் கழிப்பறை நிற்கும், தண்ணீர் இணைப்பு இராது. இவற்றைக் குற்றச்சாட்டாகத் திரட்ட வேண்டாம். கட்டிய பிறகு பராமரிப்பது யார் என்ற கேள்விக்கு விடை எழுதப்படாத பணிகள் எவை என்று அறிவதே இதன் நோக்கம். நீடித்த வளர்ச்சி என்று அரசாணைகள் சொல்வதை ஊர் அளவில் சோதித்துப் பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு சில மனிதர்களைச் சந்திக்க வேண்டும். நிலத்தின் வகைப்பாட்டையும் நீர்நிலைகளின் புல எண்களையும் கிராம நிர்வாக அலுவலர் காட்டுவார். எடை குறைந்த குழந்தைகள் பற்றிய நிலவரம் அங்கன்வாடிப் பணியாளரிடமும், கருவுற்ற தாய்மாரின் நிலை கிராம சுகாதார செவிலியரிடமும், பள்ளிக்கு வராத பிள்ளைகளின் விவரம் தலைமையாசிரியரிடமும் இருக்கும். இவர்கள் எல்லோரையும்விட நீங்கள் நீண்ட நேரம் உட்கார்ந்து பேச வேண்டியவர் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர். எந்த ஆழ்துளைக் கிணறு (போர்) வற்றிவிட்டது, எந்த மோட்டார் ஆண்டுக்கு எத்தனை முறை பழுதாகிறது, எந்தத் தெருவின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, எந்த வால்வை யார் வந்து திருகுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திட்டக் கூட்டங்களில் அவரை யாரும் கேட்பதில்லை, நீங்கள் கேளுங்கள்.

இரண்டாம் படி: கொட்டாய் கொட்டாயாகச் செல்லுதல்

நம் பகுதியின் குடியிருப்பு அமைப்பு சமவெளி மாவட்டங்களிலிருந்து வேறுபட்டது. ஓர் ஊராட்சிக்குள் மையமாக ஓர் ஊர், சற்றுத் தள்ளிக் காலனி, அதற்கப்பால் வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கொட்டாய்கள், சில இடங்களில் மலைமேல் தனிக் குடியிருப்புகள் என்று மக்கள் பரவி வாழ்கிறார்கள். கிராம சபை பெரும்பாலும் மைய ஊரில் கூடுகிறது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொட்டாயில் ஆடு மாட்டைக் கட்டிப்போட்டுவிட்டுப் பகல் பதினொரு மணிக்கு வந்து சேர முடியாத குடும்பத்தின் தேவை, அதனாலேயே திட்டத்தில் இடம்பெறாமல் போகிறது.

ஆகவே கூட்டத்துக்கு முன் சிறு கூட்டங்கள் தேவை. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒன்று, காலனியில் கட்டாயம் தனியாக ஒன்று, பெண்களுக்கு மட்டுமாக ஒன்று. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் சாலையும் மின்விளக்கும் முதலில் வரும். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் தண்ணீர், கழிப்பறை, சாராயம், பள்ளிக்குப் போகும் மகளின் பாதுகாப்பு ஆகியவை முதலில் வரும். ஆகஸ்ட், செப்டம்பரில் மானாவாரி நிலங்களில் களையெடுப்பு நடக்கும் என்பதால் பகல் நேரம் ஒத்துவராது. மாலையில் பால் ஊற்றிவிட்டு வரும் நேரமோ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ தோதாக இருக்கும். எந்த நேரம் என்பதை அங்குள்ள பெண்களே சொல்லட்டும்.

அச்சடித்த படிவத்தை நீட்டுவதைவிடத் தரையில் வரைபடம் போடச் செய்வது பலன் தரும். கோலமாவையும் சில கற்களையும் கொடுத்துவிட்டு, முதலில் ஏரியையும் கோயிலையும் பாதையையும் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டையும், குழாயையும், எரியாத விளக்கையும், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் இடத்தையும், பெண்கள் தனியே நடக்க அஞ்சும் பாதையையும் குறிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தயக்கமின்றிக் கலந்துகொள்ளும் முறை இது. 2011 கணக்கெடுப்பில் 68.5 விழுக்காட்டு எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே கடைசி இடத்தில் இருந்தது தருமபுரி மாவட்டம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வரைந்து முடித்ததும் படம் எடுத்து, ஒரு பெரிய தாளிலும் படியெடுத்துக்கொள்ளுங்கள். கோலமாவு காற்றில் கலைந்துவிடும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளி ஒன்றியங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் மிகுதி. அரசு அறிவிப்புத் தமிழில் இருந்தாலும், கூட்டத்தில் அவரவர் மொழியில் பேசலாம் என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் வயது முதிர்ந்த பெண்களின் வாய் திறக்கும்.

வெளியூர் வேலைக்குச் சென்றவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது கடினமான கேள்வி. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் கட்டட வேலைக்கும் பின்னலாடை வேலைக்கும் சென்றவர்கள் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் திரும்புகிறார்கள். ஜனவரி 26 கிராம சபை பொங்கலை அடுத்து வருவதால், அதை அவர்களின் கூட்டமாகவே கருதி ஏற்பாடு செய்யலாம். மற்ற காலங்களில் ஊரில் தங்கியிருக்கும் முதியவர்களையும் குழந்தைகளையும் கேட்பது முக்கியம். பெற்றோர் வெளியூரில் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி வருகை, உணவு, பெண் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு ஆகியவை திட்டத்தில் எழுதப்பட வேண்டிய செய்திகளே.

சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் குடியிருப்புகளிலும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோர ஊர்களிலும் இன்னொரு பொருளைச் சேர்க்க வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி தனிநபர் உரிமைகளோடு மேய்ச்சல், சிறு வனப்பொருள் சேகரிப்பு, நீர்நிலைப் பயன்பாடு போன்ற சமூக உரிமைகளையும் கோரலாம். கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரம் கிராம சபைக்கே உரியது. அதற்கான வன உரிமைக் குழு உங்கள் ஊரில் அமைக்கப்பட்டிருக்கிறதா, அதன் 10 முதல் 15 உறுப்பினர்கள் யார் என்று கேட்டறியுங்கள். உறுப்பினராகப் பெயர் எழுதப்பட்டவருக்கே அது தெரியாமல் இருப்பதுண்டு.

மூன்றாம் படி: தண்ணீரைத் தனியாக ஆராய்தல்

எல்லாப் பொருள்களுக்கும் சமமான நேரம் கொடுக்க வேண்டியதில்லை. நம் இரு மாவட்டங்களின் நிலை, தண்ணீருக்கு அதிக நேரம் ஒதுக்கக் கோருகிறது.

நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பது இப்பகுதியின் நீண்டகாலத் துயரம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடிப்பவர்களுக்குப் பல்லில் கறை படியும். மேலும் கூடினால் மூட்டும் எலும்பும் பாதிக்கப்படும். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, நாவில் தெரியும் சுவையும் இல்லை. கொதிக்க வைப்பதால் அது நீங்குவதுமில்லை. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்தத் துயரைப் போக்கவே ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் வரும் பல், எலும்பு நோய்) பாதிப்பு குறைப்புத் திட்டம் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

காவிரி நீர் வந்துவிட்டதால் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணிவிடக் கூடாது. வரும் நீர் போதாத ஊர்களில் உள்ளூர் போர் நீரும் சேர்த்து விநியோகிக்கப்படுகிறது. எந்தத் தொட்டியில் எந்த நீர் எந்த அளவில் கலக்கிறது, கலந்த பின் ஃபுளோரைடு எவ்வளவு என்பதை அறிந்தால்தான் திட்டம் எழுத முடியும். களப் பரிசோதனைப் பெட்டி ஊராட்சியில் இருந்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பவும் கோரலாம். பள்ளியில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தென்படும் குடியிருப்பு எது என்று ஆசிரியரிடம் கேட்டால், எந்தக் கொட்டாயின் நீரை முதலில் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஒரு துப்புக் கிடைக்கும். முடிவுகளைத் தேதியோடு ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க வேண்டும் என்பதையே ஒரு தீர்மானமாகக் கொண்டுவரலாம். அதற்கு ஒரு டப்பா பெயின்டுக்கு மேல் செலவில்லை.

அடுத்தது ஏரி. ஆயிரம் அடியைத் தாண்டியும் போர் போடப்படும் பகுதியில், புதிய போர்வெல் என்ற கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் பட்டியலின் தலையில் வந்து அமர்கிறது. அதற்கு மாறாக, நிலத்துக்குள் நீர் இறங்கும் வழியைத் திட்டத்தில் எழுத வேண்டும். நீர் வரும் திசையிலிருந்து தொடங்கி, ஏரிக்கு மேலே உள்ள வரத்துக் கால்வாயின் ஓரமாகவே, வயது முதிர்ந்த விவசாயி ஒருவரோடு நடந்து வாருங்கள். எங்கே கால்வாய் மண் மூடிக் கிடக்கிறது, எங்கே சாலை போட்டபோது குழாய் வைக்காமல் விட்டார்கள், எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே சீமைக்கருவேலம், மதகு பூட்டுகிறதா, உபரி நீர் வழியும் கோடி உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் புல எண்ணோடு குறியுங்கள். வரத்துக் கால்வாயைத் தொடாமல் ஏரியை மட்டும் தூர்வாருவதால் மண் அள்ளியவருக்கு நன்மை உண்டு, ஏரிக்குத் தண்ணீர் வராது.

ஏரி யாருடைய பொறுப்பில் உள்ளது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உடைய சிறுபாசன ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பிலும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் உள்ளன. நீர்வளத் துறையின் ஏரிக்கு ஊராட்சி நிதியில் பணி எழுதினால் அது திரும்பி வரும்; அதற்குத் துறைக்கு அனுப்பும் கோரிக்கைத் தீர்மானமே சரியான வழி.

நான்காம் படி: கோரிக்கையைத் திட்டப் பணியாக எழுதுதல்

நீடித்த வளர்ச்சிக்கான 17 உலக இலக்குகளை ஊராட்சி அளவுக்கு ஏற்றவாறு ஒன்பது கருப்பொருள்களாக ஒன்றிய அரசு தொகுத்திருக்கிறது. வறுமையற்ற, வாழ்வாதாரம் பெருகிய ஊராட்சி, நலவாழ்வு ஊராட்சி, குழந்தை நேய ஊராட்சி, தண்ணீர்த் தன்னிறைவு ஊராட்சி, தூய்மையும் பசுமையும் மிக்க ஊராட்சி, உள்கட்டமைப்பில் தன்னிறைவு பெற்ற ஊராட்சி, சமூக நீதியும் பாதுகாப்பும் உள்ள ஊராட்சி, நல்லாட்சி ஊராட்சி, மகளிர் நேய ஊராட்சி என்பன அவை. ஊராட்சி இவற்றுள் ஒன்றையோ சிலவற்றையோ முதன்மைக் கருப்பொருளாகத் தேர்ந்து உறுதியேற்கலாம். மேலிருந்து சொல்லப்படும் கருப்பொருளை அப்படியே ஏற்காமல், குடியிருப்புக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்த சிக்கல் எந்தக் கருப்பொருளில் அடங்குகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

'எங்கள் தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தர வேண்டும்' என்பது மனு. அது திட்டப் பணி ஆகாது. அதையே பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: இந்தக் கொட்டாயில் உள்ள இத்தனை வீடுகளுக்கு, இன்ன தொட்டியிலிருந்து இத்தனை மீட்டர் குழாய் நீட்டப்பட வேண்டும்; குழாய் செல்லும் பாதை இன்ன புல எண்ணில் உள்ள பொதுப்பாதை; நீர் ஆதாரம் இது, சென்ற மாதச் சோதனையில் அதன் ஃபுளோரைடு அளவு இது; பழுது பார்க்கும் பொறுப்பு இன்னாருடையது, அதற்கான செலவு குடிநீர்க் கட்டணத்திலிருந்து. இவ்வாறு எழுதப்பட்ட பணியை ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு செய்வது எளிது, தள்ளிவைப்பது கடினம்.

பணம் தேவைப்படாத பணிகளையும் எழுதுங்கள். திட்டம் என்றாலே சிமென்ட் என்ற பழக்கத்திலிருந்து நம் ஊராட்சிகள் வெளிவருவதற்கு இதுவே வாசல். குழந்தைத் திருமணம் தொடர்ந்து கவலை தரும் மாவட்டங்கள் நம்முடையவை. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளில் பள்ளியை விட்டு நின்றவர்களின் பெயர்களை வெளியிடாமல், எண்ணிக்கையை மட்டும் கிராம சபையில் வைத்து, அவர்களைத் திரும்பச் சேர்க்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்புக்கும் கொடுக்கும் தீர்மானத்துக்கு ஒரு ரூபாயும் செலவில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஊரின் சுவர்களில் எழுதுவதும் அவ்வாறே. எட்டாம் வகுப்பிலேயே படிப்பு நின்ற ஒரு பெண் பிள்ளையின் வாழ்க்கையை எந்தத் தெருச் சாலையும் ஈடுசெய்யாது. ஆகவே இந்தப் பகுதி திட்டத்தின் இறுதிப் பக்கத்தில் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டை ஒட்டிய தளி, கெலமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம் பகுதிகளில் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் வயலுக்கு வருகின்றன. விரட்டுவதும் இழப்பீடு தருவதும் வனத்துறையின் பணி. ஆயினும் எந்தப் பாதையில் விளக்கு வேண்டும், எந்த வீடுகள் தனித்துள்ளன, இரவில் எவ்வழியே மக்கள் நடக்கிறார்கள் என்பவற்றை ஊராட்சித் திட்டத்தில் எழுதலாம், எழுதவும் வேண்டும்.

ஐந்தாம் படி: எந்தப் பணிக்கு எந்த நிதி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2021-22 முதல் 2025-26 வரையிலான பதினைந்தாம் நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு, குறிப்பிட்ட பணிகளுக்கே செலவிட வேண்டிய கட்டுப்பட்ட நிதியாக இருந்தது: பாதி குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கு, மறுபாதி துப்புரவுக்கு. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் பிற தேவைகளுக்குச் செலவிட முடிந்தது. சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் பயன்படுத்த முடியாதிருந்தது. இதைத் தவிர மாநில நிதிக்குழு மானியம், வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி முதலிய சொந்த வருவாய், ஊரக வேலை உறுதித் திட்டம், துறைகளின் திட்டங்கள் ஆகியவை உண்டு. நடப்பு ஆண்டுக்குரிய ஒதுக்கீட்டு விவரத்தைச் செயலரிடம் கேட்டு, கோரிக்கைகளின் மொத்த மதிப்பு அதை மிகையாகத் தாண்டாமல் வரிசைப்படுத்துங்கள். இருநூறு பணிகள் கொண்ட பட்டியலில் எதைச் செய்வது என்று தீர்மானிப்பவர் அதிகாரியாகிவிடுகிறார். பதினைந்து பணிகள் கொண்ட பட்டியலில் அந்த முடிவு ஊரிடமே இருக்கும்.

சுயஉதவிக் குழுக்கள் தனியாகத் தயாரிக்கும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம் ஊராட்சித் திட்டத்தோடு இணைக்கப்பட வேண்டும். முதியோர் உதவித்தொகை, வேலை அட்டை, தொழில் கடன் போன்ற குடும்பத் தேவைகள் அதில்தான் வருகின்றன. கூட்டமைப்பின் நிர்வாகிகளைச் செப்டம்பரிலேயே சந்தித்து இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: கிராம சபை நாள்

கூட்டத்தின் இடம், நேரம், பொருள் நிரல் ஆகியவை ஏழு நாள்களுக்கு முன்பே அறிவிக்கப்பட வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வரும் பொதுப் பொருள்களோடு ஊருக்குரிய பொருள்களையும் சேர்க்கலாம். ஆகவே உங்கள் பணிப்பட்டியலை எழுத்து வடிவில் முன்கூட்டியே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிவிடுங்கள். அறிவிப்பு கொட்டாய்களுக்கு எட்டியதா என்பதையும் நீங்களே பார்க்க வேண்டியிருக்கும். மைய ஊரின் ஒலிபெருக்கி அங்கே கேட்காது. வாட்ஸ்அப் குழுவும், பால் சேகரிக்கும் இடமும், ரேஷன் கடையும் செய்தி சொல்ல ஏற்றவை.

கூட்டத்தில் ஒவ்வொரு குடியிருப்பின் சார்பிலும் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவரே பேசட்டும். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரே எல்லோருக்காகவும் பேசினால், அது அவருடைய பட்டியலாகக் கருதப்படும். அடுத்த ஆண்டு அவர் வராவிட்டால் வேலை நின்றுவிடும். தாளில் படியெடுத்த வரைபடத்தைச் சுவரில் தொங்கவிடுங்கள். வாக்குவாதம் சாதியையோ கட்சியையோ நோக்கித் திரும்பினால், வரைபடத்தைக் காட்டிப் பேச்சைப் பணிக்குத் திருப்பலாம்.

வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடும்போதே தீர்மானப் பதிவேட்டையும் பாருங்கள். தீர்மானங்கள் கூட்டத்திலேயே எழுதப்பட்டு, உரக்கப் படிக்கப்பட்டு, அதன் பிறகே கையொப்பம் பெறப்பட வேண்டும். வெற்றுப் பக்கத்தில் கையொப்பம் இட வேண்டாம். மரியாதையோடு, ஆனால் உறுதியாக, 'எழுதிப் படித்த பிறகு போடுகிறோம்' என்று சொல்லுங்கள். குறைவெண் நிறைவுறாவிட்டால் அதையும் பதிவு செய்யக் கோருங்கள். ஒரு பணி ஏற்கப்படாவிட்டால் அதற்கான காரணத்தை எழுதச் சொல்லலாம். காரணம் எழுத்தில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் தயார் செய்ய முடியும்.

ஏழாம் படி: தீர்மானத்துக்குப் பிறகு

ஏற்கப்பட்ட பணிகள் இணையதளத்தில் ஏறியிருக்கின்றனவா, ஏறியவை கிராம சபை சொன்ன வரிசையில் உள்ளனவா என்று சில வாரங்கள் கழித்துப் பாருங்கள். ஒரு ஊராட்சியால் மட்டும் முடியாத பணிகள் உண்டு. மூன்று ஊராட்சிகள் வழியே ஓடும் வரத்துக் கால்வாயும், தென்பெண்ணையில் கலக்கும் கழிவும், தக்காளி விலை வீழும் காலத்துக்கான குளிர்பதனக் கிடங்கும் அத்தகையவை. அவற்றை ஒன்றிய அளவிலான திட்டத்துக்கும் மாவட்டத் திட்டக் குழுவின் பார்வைக்கும் கொண்டுசெல்ல, அண்டை ஊராட்சிகளின் கிராம சபைகளும் அதே தீர்மானத்தை அதே சொற்களில் நிறைவேற்றியிருந்தால் எடை கூடும்.

தீர்மான நகல் தர மறுக்கப்பட்டால், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாள்களுக்குள் விடை தர வேண்டும். ஆயினும் இதை முதல் ஆயுதமாகக் கையில் எடுக்காதீர்கள். ஊராட்சிச் செயலர் பல பதிவேடுகளையும் பல திட்டங்களையும் ஒருவராகச் சுமப்பவர். அவரோடு ஒத்துழைப்பு இருந்தால் ஆண்டு முழுவதும் வேலை நடக்கும்.

ஓசூர் மாநகராட்சியிலோ நகராட்சிகளிலோ வசிப்பவர்களுக்குக் கிராம சபை இல்லை. அவர்கள் 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படியான வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றை நாட வேண்டும். வரைபடம் போடுவதும் பணியை எழுதுவதும் அங்கும் பொருந்தும்.

பணி தொடங்கியதும் அதன் மதிப்பீட்டையும் காலக்கெடுவையும் காட்டும் பலகை வைக்கப்படுகிறதா என்று பாருங்கள். பயன்பெறும் குடியிருப்பிலிருந்து இருவர், அவர்களில் ஒருவர் பெண், வேலை நடக்கும் நாள்களில் சென்று பார்த்துக் குறிப்பெழுதட்டும். அந்தக் குறிப்பேட்டோடு அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். புதிய பொருள் எதையும் எடுப்பதற்கு முன், சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் இப்போது எந்த நிலையில் உள்ளன என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.